மாமாவின்ரை முழங்காலும் என்ரை இருமலும்

அண்டைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். மணற்காட்டுக்குப் போய் நண்டுக்கறி தின்னவேணும்.

இது ஒரு வேலையோ எண்டு நீங்கள் கேப்பியள். என்ரை கலியாணத்துக்கு வந்திருந்தால் கேக்கமாட்டியள்.

நான் பிறந்த வீட்டிலை மீன் இல்லாட்டில் சோறு இறங்காது. நான் கலியாணம் முடிச்ச வீடு சண்டிலிப்பாயிலை, அசல் சைவம். மாமா, அதுதான் என்ரை மனிசி பூமணியின்ரை தகப்பன், பொம்பிளை தர முந்தி ஒரேயொரு கேள்விதான் கேட்டவர்.

"தம்பி, மச்சம் விடுவீரோ?"

மச்சம் எண்டால் எங்கடை பக்கத்திலை மீன், நண்டு, இறால், இறைச்சி எல்லாம் அடங்கும். அந்த நேரம் பூமணி கதவுக்குப் பின்னாலை நிண்டவள். நான் அவளைப் பாத்தனே, நண்டைப் பாத்தனே? "விட்டன் மாமா" எண்டு சொல்லிப்போட்டன்.

ரண்டு வரியம் பொறுத்தன் பாருங்கோ! கந்தோரிலை எனக்குப் பக்கத்து மேசை சவிரிமுத்து. இப்ப குருநகர் எண்டு சொல்லுற கரையூர்தான் அவன்ரை ஊர். மத்தியானம் அவன் சாப்பாட்டைத் திறந்தால் நண்டுக்கறி வாசம் என்ரை கடுதாசிக் கட்டுக்கு மேலாலை வரும். நான் என்ரை பொதியைத் திறந்தால் கத்தரிக்காய். சண்டிலிப்பாய் கத்தரிக்காய்க்குப் பேர்போன ஊர். அதிலை எனக்கு ஒரு பெருமையும் மிஞ்சேல்லை.

ஒருநாள் ஏலாமல் போச்சு. "மச்சான், ஒரேயொரு நண்டுக்கால் தாவன்ரா."

"விசரோ உனக்கு? இஞ்சை திண்டால் பின்னேரம் சண்டிலிப்பாய் முழுக்கத் தெரியும்" எண்டான். "மணற்காட்டிலை என்ரை அக்கா இருக்கிறா. அத்தான் அங்கை கரைவலைச் சம்மாட்டி, வலையும் வள்ளமும் அவற்றைதான். வாற லீவுக்கு நான் அங்கைதான். நீ ரண்டு நாள் வந்து நில். கடலுக்கு முன்னாலை இருந்து தின்!"

சரி. ரண்டு நாள் வீட்டை விட்டு வெளிக்கிட ஒரு சாட்டு வேணுமெல்லோ. இருமல் பிடிச்சன்.

பரியாரியாரிட்டைப் போய் இருமிக் காட்டினன். கசாயம் தந்தார். அடுத்த கிழமை இன்னும் பலமா இருமினன். இன்னும் கசந்த கசாயம் தந்தார். மூண்டாம் முறை நானே வாய்விட்டுச் சொன்னன், "பரியாரியார், மணலிலை நடந்து கடற்காத்துப் பட்டால் சுகம் வருமாம் எண்டு கதைக்கினம்."

"ஓம், ஓம், அது நல்லதுதான்" எண்டார். சொல்லிப்போட்டு அதுக்கும் ஒரு கசாயம் தந்தார்.

பூமணி நம்பினாள். "போட்டு வாங்கோ. உடம்பெல்லோ முக்கியம்."

எனக்கு மனசு குளிர்ந்துபோச்சு. அந்தக் குளிர் ஒரு நிமிசம்கூட நிக்கேல்லை. சாய்மனைக் கதிரையிலை கிடந்த மாமா எழும்பி இருந்தார்.

"எனக்கும் முழங்கால் பிடிச்சுக் கிடக்கு. மணலிலை நடந்தால் நல்லதெண்டு கேள்விப்பட்டனான். நானும் தம்பியோடை போறன்."

எனக்கு உண்மையாவே இருமல் வந்திட்டுது.

மாமாவைப் பற்றிச் சொல்லவேணும். மீன்காறி கடகத்தோடை ஒழுங்கை முகப்பிலை வந்தாலே துவாயாலை மூக்கைப் பொத்திக்கொண்டு அறைக்குள்ளை போறவர். அவள் போய் அரைமணித்தியாலம் செண்டுதான் வெளியிலை வருவார். அந்த மனுசனைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு நான் எப்பிடி நண்டு தின்னுறது?

வெளிக்கிடுற அண்டைக்குப் பூமணி என்ரை காதுக்குள்ளை சொன்னாள், "அப்பாவை ஒரு கண் பாத்துக்கொள்ளுங்கோ." பேந்து தகப்பன்ரை காதுக்குள்ளை சொன்னது எனக்கும் கேட்டுது. "அப்பா, உவரை ஒரு கண் பாத்துக்கொள்ளுங்கோ. போறது கடற்கரைக்கு."

கடைசியா என்னைப் பாத்து விரலை நீட்டினாள். "மச்சம் வாயிலை பட்டதெண்டு அறிஞ்சன் எண்டால், இது என்ரை சீதன வீடு. வெளிக்கிடுறது நீங்கள்தான்."

ரண்டாவது உலகச் சண்டைக்கு முந்தின காலம். கார் எண்டால் ஊரிலை ஒண்டு ரண்டு. கொக்குவிலிலை இருந்து செல்லத்துரை எண்ட றைவர் தன்ரை வாடகைக் காரைக் கொண்டு வந்தான். பூமணி ஏத்தின சாமானைச் சொல்லுறன். கட்டுச்சோறு ஒரு பொதி. பலகாரம் ஒரு பெட்டி. மோர் ஒரு குடம். குளிருக்கு என்ரை காக்கிக் கோட்.

செல்லத்துரை முன்னாலை நிண்டு கம்பியைப் போட்டு ஆறுதரம் சுத்த, கார் ஒருமாதிரி உறுமிச்சுது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சின்னத்தம்பியர் வேலிக்கு மேலாலை தலையை நீட்டினார்.

"எங்கை பயணம்?"

போச்சு! வெளிக்கிடேக்கை எங்கை எண்டு கேக்கலாமோ? மாமா இறங்கினார். வீட்டுக்குள்ளை போய், கதிரையிலை இருந்து, தண்ணி குடிச்சு, திரும்ப வந்து ஏறினார். அதுக்கிடையிலை கார் நிண்டுபோச்சு. செல்லத்துரை திரும்பவும் கம்பியைப் போட்டு ஆறுதரம் சுத்தினான்.

"ஐயோ, நான் தெரியாமல் கேட்டுப்போட்டன்" எண்டார் சின்னத்தம்பியர். "சரி, இனிக் கேக்கேல்லை. மெய்யே, எங்கை எண்டு சொல்லாமலே போறியளோ?"

மாமா திரும்பவும் இறங்கினார்.

வெயில் ஏறினாப் பிறகுதான் ஊரைக் கடந்தம். சுன்னாகம், புத்தூர், அச்சுவேலி எல்லாம் கார் நல்லாத்தான் ஓடிச்சுது. வல்லை வெளியிலை வந்து சரியான நடுவிலை புகைஞ்சுது. றேடியேற்றர் மூடி துள்ளுது! வல்லை வெளியிலை மருந்துக்கும் ஒரு மரம் இல்லை. ரண்டு பக்கமும் தண்ணி, ஆனால் அவ்வளவும் உப்புத்தண்ணி. தூரத்திலை நாரையள் நிண்டு எங்களைப் பாத்துது.

"நல்லதண்ணி வேணும்" எண்டான் செல்லத்துரை. "அச்சுவேலிக்குத் திரும்பி நடக்கவேணும்."

மாமா குடத்தைப் பாத்தார். "மோர் கிடக்கு."

"ஐயா, கார் மோர் குடிக்காது."

"ஏன் குடியாது? மனுசன்ரை சூட்டைத் தணிக்கிற மோர் காரின்ரை சூட்டைத் தணியாதோ? ஊத்தடா!"

செல்லத்துரை என்னைப் பாத்தான். எனக்கு நண்டு அவசரம். "ஊத்து" எண்டன்.

ஊத்தினான். கார் ஒரு ஏப்பம் விட்டுது. பேந்து சத்தியமாச் சொல்லுறன், ஓடிச்சுது! நெல்லியடி, மந்திகை எல்லாம் காய்ச்சின மோர் மணத்தோடை போனம். சந்தியிலை நிண்ட சனம் மூக்கைச் சுழிச்சுது. மாமா பெருமையோடை இருந்தார்.

வல்லிபுரக் கோயிலடி மணலுக்கு வந்ததும் கார் நிண்டுது. செல்லத்துரை மூடியைத் திறந்து உள்ளுக்கை குச்சியை விட்டு எடுத்தான். குச்சியிலை வெள்ளையாக் கட்டி கட்டியா வந்துது.

"ஐயா, உள்ளுக்கை தயிர் தோஞ்சுபோச்சு. கழட்டிக் கழுவி எடுக்க ரண்டு நாள் செல்லும். நான் கோயில் மடத்திலை நிக்கிறன். நீங்கள் போட்டு வாங்கோ."

இன்னும் நாலு கட்டை, அதுதான் நாலு மைல். எல்லாம் மணல்.

பரியாரியார் சொன்ன கால்நடை வைத்தியம் அப்பதான் துவங்கினது. மணல் எண்டால் சும்மா மணலோ? மலை மலையா நிக்குது! ரண்டு அடி ஏறினால் ஒரு அடி சறுக்கும். பொதியும் பெட்டியும் என்ரை தலையிலை. முழங்கால் வாதக்காரர் முன்னாலை முசல்மாதிரிப் போறார். ஈச்சம்பத்தை முள்ளு என்ரை வேட்டியைக் கிழிச்சுது. வேறை ஆரும் எண்டால் அந்த மணலின்ரை வடிவைப் பாத்துப் பாட்டுப் படிச்சிருப்பினம். நான் நண்டு நண்டு எண்டு மனசுக்குள்ளை சொல்லிக்கொண்டு நடந்தன்.

ஒரு மேட்டிலை ஏற, கடல் தெரிஞ்சுது. காத்திலை மீன் மணமும் வந்துது. மாமா துவாயை எடுக்கேல்லை. மூக்கை நிமித்தினார்.

"உது காரல் காயுற மணம்" எண்டார். "அதோடை கொஞ்சம் ஒறாவும் கிடக்கு."

"மாமா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எதிரியை அறிஞ்சு வைச்சிருக்க வேணும் தம்பி."

என்ன ஒரு வைராக்கியம் எண்டு நினைச்சன். என்ரை மூளை அவ்வளவுதான்.

சவிரிமுத்துவும் அவன்ரை தமக்கை திரேசம்மாக்காவும் வாசலிலை நிண்டு வரவேற்றினம். கடலுக்கு முன்னாலை ஓலை வீடு. பக்கத்திலை எங்களுக்கெண்டே புதுசா மேய்ஞ்ச ஒரு கொட்டில், புதுப்பாய், புதுக்குடம். மாமா அவையின்ரை வீட்டிலை தண்ணியும் வாங்கிக் குடிக்கமாட்டார். அந்தக் காலத்து எங்கடை ஆக்களின்ரை கொழுப்பு அது, இப்ப நினைக்க எனக்கு வெக்கமாக் கிடக்கு. திரேசம்மாக்கா அதைக் குறையாய் எடுக்கேல்லை. "ஐயா தன்ரை கட்டுச்சோத்தைச் சாப்பிடட்டும். தம்பி, நீங்கள் வாங்கோ" எண்டு என்னைக் கூப்பிட்டா.

மாமா கொட்டிலுக்குள்ளை. நான் தனிய. கும்பிட்ட தெய்வம் கைவிடேல்லை! இலைக்கு முன்னாலை குந்தினன். திரேசம்மாக்கா சட்டியைத் திறந்தா.

கத்தரிக்காய்ப் பால்கறி.

அடுத்த சட்டியைத் திறந்தா. கத்தரிக்காய்க் குழம்பு. மூண்டாவது சட்டி கத்தரிக்காய்ச் சம்பல்.

"தம்பி, ஒண்டுக்கும் யோசியாமல் சாப்பிடுங்கோ" எண்டா அக்கா. "சட்டி முட்டியெல்லாம் புதுசு. மூண்டு நாளா இந்தக் குசினியிலை மீன் ஏறேல்லை. குடத்தனையிலை இருந்து ஒரு சைவ மனிசியைக் கூப்பிட்டுச் சமைப்பிச்சது. கத்தரிக்காய்கூடச் சவிரிமுத்துவைக் கொண்டு யாழ்ப்பாணச் சந்தையிலை தேடி வாங்கினனான். அசல் சண்டிலிப்பாய்க் கத்தரிக்காய்!"

நான் சவிரிமுத்துவைப் பாத்தன். அவன் கடலைப் பாத்தான்.

கார் பிடிச்சு, காருக்கு மோர் பருக்கி, மணலிலை நாலு கட்டை நடந்து, என்ரை வீட்டு வேலிக்குப் பின்னாலை காய்க்கிற கத்தரிக்காயைத் தின்ன வந்திருக்கிறன்! அழுகை வந்துது. "உறைப்போ தம்பி?" எண்டு கேட்டு அக்கா இன்னும் ஒரு அகப்பை போட்டா. அவவின்ரை முகத்தைப் பாத்து ஆர் வேண்டாம் எண்டுறது? முழுக்கச் சாப்பிட்டன்.

சாப்பிட்டு முடிய சவிரிமுத்துவை வீட்டுக்குப் பின்னாலை இழுத்துக்கொண்டு போனன்.

"என்னடா இது?"

"நான் என்ன செய்ய மச்சான்? நண்டு எண்டு சொன்னன். அக்கா சன்னதம் ஆடிப்போட்டா. சைவ வீட்டுப் பிள்ளையைத் தன்ரை வீட்டிலை வைச்சுக் கெடுத்தனுப்பினால் அவன் கட்டின பெட்டை மண்ணள்ளித் திட்டமாட்டாளோ எண்டு கேக்கிறா. எங்களுக்கும் மூண்டு நாளா மீன் இல்லை. அத்தானுக்கு உன்னிலை சரியான கோவம்."

பின்னேரம் மாமா வந்தார். "தம்பி, காத்துக் குளிருது. உம்மடை காக்கிக் கோட்டை ஒருக்காத் தாரும். முழங்காலுக்கு ஒரு நடை நடந்திட்டு வாறன்."

குடுத்தன். பொழுதுபடத்தான் வந்தார். முகத்திலை ஒரு பளபளப்பு. கட்டுச்சோத்துப் பொதியை அவிழ்க்கேல்லை.

"பசிக்கேல்லையோ மாமா?"

"கடற்காத்திலையே வயிறு நிறைஞ்சுபோச்சு" எண்டு சொல்லிப்போட்டுப் படுத்தார்.

அடுத்தநாள் நான் எழும்ப முந்தியே கோட்டையும் போட்டுக்கொண்டு நடக்கப் போயிட்டார். நானும் ஒரு யோசினையோடை கரைக்குப் போனன். கரைவலை இழுக்கேக்கை ஆர் வந்து கயித்திலை கைவைச்சாலும் அவனுக்கு ஒரு பங்கு மீன் உண்டு. அது கடற்கரை வழமை. நானும் கைவைப்பன், பங்கை வாங்குவன், எங்கையாவது ஒரு பத்தைக்குப் பின்னாலை சுட்டுத் தின்னுவன். வெள்ளை வேட்டியைச் சண்டிக்கட்டாக் கட்டிக்கொண்டு கிட்டக் கிடந்த கயித்திலை கையை வைச்சன். மற்றக் கயிறு நல்ல தூரத்திலை, அங்கை இழுத்த ஆக்களின்ரை தலைத்துவாய் மட்டும்தான் தெரிஞ்சுது.

வலையாக்களுக்குத் தலைவரை மண்டாடி எண்டு சொல்லுறது. அந்த மண்டாடி ஓடி வந்து என்ரை கையை மெள்ள எடுத்துவிட்டார்.

"ஐயா, வேண்டாம், பாவம்! நீங்கள் சைவ ஐயாவெல்லோ? உங்கடை கண்ணிலை மீனும் காட்டக்கூடாதெண்டு சம்மாட்டியம்மா கட்டளை."

திரும்பிப் பாக்க, கரையிலை குவிஞ்சு கிடந்த மீனுக்கு மேலை ரண்டு பேர் பாயை விரிக்கினம்! நான் இந்தப் பக்கம் நடந்தால் இந்தப் பக்கத்து மீனை மூடுகினம். அந்தப் பக்கம் நடந்தால் அந்தப் பக்கம். நண்டுக் கூடையோடை வந்த ஒரு மனிசி என்னைக் கண்டதும் கூடையோடை திரும்பி ஓடினாள். அவ்வளவு பெரிய கடற்கரையிலை என்ரை கண்ணுக்கு ஒரு நெத்தலி தெரியேல்லை.

மத்தியானம் கத்தரிக்காய் வறை. இரவு கத்தரிக்காய்ப் பொரியல். மாமா மூண்டு நேரமும் நடை. முழங்கால் வைரமாப் போச்சு எண்டார்.

மூண்டாம் நாள் காலமை வெளிக்கிட்டம். மணலிலை திரும்ப நடக்கவேண்டாம் எண்டு திரேசம்மாக்கா மாட்டுவண்டில் பிடிச்சுத் தந்தா. மாமா கொட்டிலுக்குள்ளை திருநீறு பூசிக்கொண்டு நிண்டார். நான் வண்டிலடியிலை நிக்க, மண்டாடி வழியனுப்ப வந்தார்.

"போட்டு வாங்கோ ஐயா. அடுத்தமுறையும் உங்கடை கார் றைவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ. என்ன இழுவை! பெடியள் நாலு பேருக்குச் சமன். பங்கை வாங்கி, அதிலையே நெருப்பு மூட்டிச் சுட்டு, எங்களோடைதான் மூண்டு நேரமும் சாப்பாடு. நேத்து மட்டும் எட்டு நண்டு!"

"றைவரோ? அவன் வல்லிபுரத்திலை காரோடையெல்லோ நிக்கிறான்."

"இல்லை ஐயா, காக்கிக் கோட்டுப் போட்ட பெரியவர். தலையிலை துவாய் கட்டினவர். முழங்காலிலை கொஞ்சம் வாதமாம்."

எட்டு நண்டு! என்ரை கோட்டைப் போட்டுக்கொண்டு! நான் கத்தரிக்காய் திண்டுகொண்டிருக்க!

அந்த நேரம் மாமா வெளியிலை வந்தார். நெத்தி, நெஞ்சு, கை எல்லாம் மூண்டு குறித் திருநீறு. துவாயாலை மூக்கைப் பொத்தியிருந்தார்.

"தம்பி, கெதியா ஏறும். மீன் நாத்தம் தாங்கேலாமல் கிடக்கு."

மண்டாடி வாயைத் திறந்தார். மூடினார். பேந்து கடலைப் பாத்து மேகம் எப்பிடி எண்டு ஆராயத் துவங்கினார். நல்ல மனுசன்.

வண்டிலிலை கொஞ்சத் தூரம் போக நான் கேட்டன், "மாமா, முழங்கால் எப்பிடி?"

"நல்ல சுகம். உம்மடை இருமல்?"

"அப்பிடியே கிடக்கு மாமா."

"கொடுத்து வைக்கேல்லை" எண்டார்.

செல்லத்துரை புளி போட்டுத் தேய்ச்சுக் காரைக் கழுவி வைச்சிருந்தான். வீட்டை வந்து சேந்தம். பூமணிக்குச் சரியான சந்தோசம். ஊத்தை உடுப்பெல்லாம் தோய்க்க எடுத்தாள். காக்கிக் கோட்டை உதறினாள். பொக்கற்றுக்குள்ளை கையை விட்டாள்.

வாழையிலைத் துண்டிலை சுத்தின ஒரு சாமான் வந்துது. அவிழ்த்தாள். சுட்ட நண்டுக்கால். பெருவிரல் மொத்தம், நல்ல சிவப்பு. வழிக்குத் தின்ன எடுத்து வைச்சு மறந்துபோனது போலை.

"இஞ்சாருங்கோ, இது என்ன?"

"நண்டுக்கால்" எண்டன். பொய் சொல்ல ஒரு வழியும் இல்லை.

"இது ஆற்றை கோட்?"

"என்ரை."

நான் மாமாவைப் பாத்தன். மாமா முகட்டைப் பாத்தார். சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆர் நம்புவினம்? மீன்காறியின்ரை சத்தத்துக்கே மூக்கைப் பொத்துற மனுசன் எட்டு நண்டு திண்டதெண்டால் அந்த மீன்காறியே நம்பமாட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

பூமணி உள்ளுக்கை போய் என்ரை றங்குப்பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து வாசலிலை வைச்சாள். கண்ணாலை தண்ணி ஓடுது. ஒரு நண்டுக்காலாலை குடும்பம் போகப்போகுது, அதுவும் நான் தின்னாத நண்டின்ரை கால்!

அப்பதான் மாமா எழும்பினார். பூமணியின்ரை தலையைத் தடவினார்.

"பிள்ளை, தம்பி வயசுப் பெடியன். கடற்காத்து எப்பேர்ப்பட்டவனையும் மாத்திப்போடும். எனக்காக இந்த ஒருதரம் மன்னிச்சுவிடு மோனை."

குரல் தழுதழுத்துது! அந்த மனுசனுக்கு எங்கையிருந்து அந்தக் குரல் வந்ததெண்டு எனக்கு இண்டுவரைக்கும் விளங்கேல்லை.

தகப்பன்ரை சொல்லுக்காகப் பெட்டி உள்ளுக்கை போச்சு. எனக்குத் தண்டனை, வெள்ளிக்கிழமையிலை முழு விரதம், மிச்ச நாளிலை ரண்டு நேரமும் கத்தரிக்காய். அதோடை ஒரு சட்டம். "இனி உவர் கடற்கரைப் பக்கம் போறதெண்டால் தனிய விடமாட்டன். அப்பா கூடப் போகவேணும். அப்பா ஒரு கணமும் கண் எடுக்கக்கூடாது."

"என்ன செய்யிறது, பொறுப்பெண்டு வந்தால் செய்யத்தானே வேணும்" எண்டார் மாமா.

ரண்டு மாசம் போச்சு. ஒருநாள் மத்தியானம் நான் கத்தரிக்காய்க் குழம்போடை போராடிக்கொண்டிருக்கிறன். மாமா கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். முழங்காலைத் தடவினார்.

"திரும்பவும் பிடிக்குது தம்பி" எண்டு சத்தமாச் சொன்னார். பேந்து குரலைத் தாழ்த்தினார். "இந்தமுறை எனக்கும் ஒரு காக்கிக் கோட் தைப்பிச்சிருக்கிறன். உமக்குத் தலையிலை கட்ட நல்ல ஊத்தைத் துவாய் ஒண்டும் பாத்து வைச்சிருக்கிறன். உமக்கு இருமல் ஒண்டும் இல்லையோ?"

பூமணி குசினியிலை இருந்து எட்டிப் பாத்தாள்.

நான் இருமினன்.